தயிர் நுண்ணுயிர்கள் குடல்வரை பிழைக்குமா?

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர்

முன்னுரை

சென்ற மழைக்காலத்தில், எங்கள் ஊராகிய வில்பட்டியில், என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் மருந்து எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் நின்றது, ஆனால் வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், கடையில் சிறுசிறு புட்டிகளில் "நல்ல பாக்டீரியா" கலந்த பால் விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள் என்றார். அப்பா கோடைக்கானல் சென்று வாங்கி வந்தார். அன்று தோட்ட வேலையில் கிடைத்த கூலியில் ஒரு பகுதி அதற்கே போயிற்று. அம்மா அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏப்பா, நீ காலேசுல இதத்தான படிக்கிற? நம்ம வீட்டுத் தயிருல இல்லாததா இதுல இருக்கு? அப்படியே இருந்தாலும் வயித்துக்குள்ள போயி உசுரோட இருக்குமா?"

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. மூன்றாண்டுகளாகச் செரிமான மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து வந்திருக்கிறேன். ஆயினும் ஒரு கரண்டித் தயிரில் உள்ள உயிர்கள் அந்தப் படத்தின் வழியே பயணம் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பின்னர் நூலகத்திலும், நம் பேராசிரியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். அம்மா கேட்டது ஒரு கேள்வி போல் தோன்றினாலும் அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தயிரில் உள்ளவை எவை? அவை குடல்வரை உயிரோடு செல்கின்றனவா? சென்றால் பயன் என்ன, செல்லாவிட்டால் நட்டம் என்ன?

கருத்து தோன்றிய வரலாறு

புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் மனிதனுக்கு நன்மை செய்யக்கூடும் என்ற கருத்தை உலகறியச் செய்தவர் இலியா மெச்னிக்காவ் என்னும் ரஷ்ய விஞ்ஞானி. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய இவர், 1908-இல் நோபல் பரிசினைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டவர். பெருங்குடலில் வாழும் அழுகல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சுப் பொருட்களே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், புளித்த பாலில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அவற்றை அடக்கும் என்றும் அவர் கருதினார். பல்கேரிய நாட்டுத் தயிரிலிருந்து பிரிக்கப்பட்ட பாக்டீரியாவை அவர் பெரிதும் போற்றினார்.

ஆனால், அந்த பாக்டீரியா உண்மையில் குடலை அடைகிறதா? 1920-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் லியோ ரெட்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தனர். பல்கேரியத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் தங்கி வாழவில்லை என்று அவர்கள் கண்டனர். எனவே அவர்களுடைய கவனம் குடலிலேயே வாழும் இயல்புடைய லாக்டோபாசில்லஸ் அசிடோபிலஸ் என்ற வேறோர் இனத்தின்பால் திரும்பியது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்னும் மருத்துவர் 1930-இல் வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கவல்ல ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். அதைக் கொண்டு செய்யப்பட்ட பானம் 1935-இல் "யாகுல்ட்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆகவே, "குடல்வரை பிழைக்குமா?" என்ற அம்மாவின் கேள்வி இத்துறையோடு சேர்ந்தே பிறந்த கேள்வியாகும். பிற்காலத்தில், 2001-இல், உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு, "புரோபயாட்டிக்" என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது, உட்கொள்பவருக்கு உடல்நலப் பயனைத் தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் எவையோ அவையே புரோபயாட்டிக்குகள் என்பது அதன் கருத்து. உயிரோடு இருத்தல், போதிய அளவில் இருத்தல், பயன் மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் என்ற மூன்று நிபந்தனைகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுத் தயிர்

சமவெளியில் இரவு உறை ஊற்றினால் காலையில் தயிர் தயார். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் மலையில் அது அவ்வளவு எளிதன்று. மார்கழி, தை மாதங்களில் பால் உறையவே உறையாது. காய்ச்சிய பாலைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, உறைமோர் விட்டு, பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைப்பார் அம்மா. சில நாட்களில் அப்படியும் மறுநாள் மதியம்தான் உறையும்.

இதற்குக் காரணம் பாக்டீரியாக்களின் வெப்ப விருப்பம். யோகர்ட் எனப்படும் மேனாட்டுத் தயிரை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபாசில்லஸ் பல்கேரிக்கஸ் ஆகிய இரண்டும் 40 முதல் 45 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் செழித்து வளர்பவை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் போன்றவையோ 20 முதல் 30 டிகிரியில் நன்கு வளர்கின்றன. வீட்டுத் தயிரில் எது மிகுதியாக இருக்கும் என்பது உறைமோரையும், பாலையும், ஊரின் குளிரையும் பொறுத்தது. கடைப் புட்டியில் இன்ன வகை, இத்தனை கோடி என்று அச்சிட முடிகிறது. வீட்டுத் தயிர்ப் பானையின்மேல் அப்படி எழுதி ஒட்ட முடியாது. வீட்டுத் தயிருக்கும் புரோபயாட்டிக் பாலுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே. வீட்டுத் தயிரில் உயிர் இல்லை என்பதன்று பொருள். அதில் உள்ள உயிர் இன்னதென்று நமக்குத் தெரியாது என்பதே பொருள்.

முதல் வாயில்: இரைப்பை

இனி ஒரு கவளம் தயிர்ச் சோற்றோடு நாமும் உள்ளே செல்வோம். வாயில் அதிக ஆபத்தில்லை. உணவுக்குழாயைச் சில நொடிகளில் கடந்து இரைப்பையை அடைகிறோம். இங்குதான் முதல் சோதனை காத்திருக்கிறது.

இரைப்பையின் சுவரிலுள்ள செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். 1.5 முதல் 2 வரை இருக்கும். தயிரின் பி.எச். 4.5-ஐ ஒட்டியது. பி.எச். அளவில் ஒரு படி இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அப்படியாயின் வெறும் வயிற்று இரைப்பை நீர், தயிரைவிட நூறு மடங்குக்கு மேல் அமிலத் தன்மை வாய்ந்தது. இதனோடு பெப்சின் என்னும் புரதச் செரிப்பியும் சேர்ந்துகொள்கிறது. உணவோடு வரும் நோய்க் கிருமிகளைக் கொல்ல இயற்கை அமைத்த காவல் இது. நல்லது, கெட்டது என்று இக்காவல் பிரித்துப் பார்ப்பதில்லை.

அமிலம் பாக்டீரியாவை எவ்வாறு கொல்கிறது? வெளியில் மிகுந்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் செல்லுக்குள் புகுகின்றன. செல்லின் உட்பகுதி அமிலமாகிறது. நொதிகள் செயலிழக்கின்றன, மரபுப் பொருளும் சிதைகிறது. இதை எதிர்க்க லாக்டிக் பாக்டீரியாக்களிடம் ஒரு கருவி உண்டு. செல் சவ்வில் அமைந்துள்ள ஒரு நொதி, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளைச் செலவிட்டு, உள்ளே வந்த ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. ஓட்டைப் படகில் புகும் நீரை ஒருவன் வாளியால் இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்பதற்கு இதை ஒப்பிடலாம். அவன் கையில் வலுவிருக்கும்வரை படகு மிதக்கும். வலுவுக்கு உணவு வேண்டும். அயர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. செயற்கை இரைப்பை நீரில் குளுக்கோஸ் சர்க்கரை கலந்திருந்தபோது, லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்ற வகை, குளுக்கோஸ் இல்லாதபோது பிழைத்ததைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகப் பிழைத்தது.

எல்லா இனங்களும் ஒன்றுபோல் இறைத்துக் கொட்ட வல்லவை அல்ல. தெர்மோபிலசும் பல்கேரிக்கசும் இதில் பொதுவாக வலுக்குறைந்தவை. கேசியை, ராம்னோசஸ், பிளாண்டாரம் ஆகிய இனங்களின் சில வகைகள் வலுமிக்கவை. ஒரே இனத்துக்குள்ளும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பிறந்தாலும் ஒருவன் மலையேறுவான், மற்றவன் பாதியில் உட்கார்ந்துவிடுவான் அல்லவா? ஆகவே "லாக்டோபாசில்லஸ் நல்லது" என்று பொதுப்படச் சொல்வது அறிவியல் ஆகாது. எந்த வகை என்று கேட்க வேண்டும். லாக்டோபாசில்லஸ் என்ற பெரும் பேரினத்தையே 2020-இல் அறிவியலார் பிரித்து, 23 புதிய பேரினங்களை உண்டாக்கிவிட்டனர் என்பதும் இங்கு அறியத்தக்கது. பழைய பெயர்கள் நமக்குப் பழகியவை என்பதால் இக்கட்டுரையில் அவற்றையே வழங்குகிறேன்.

இரண்டாம் வாயில்: பித்தநீர்

இரைப்பையைக் கடந்தவை முன்சிறுகுடலை அடைகின்றன. கணைய நீர் அமிலத்தைச் சமப்படுத்துகிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பித்தநீர் வந்து சேர்கிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலப் பித்த உப்புகள் கொழுப்பைக் கரைக்கின்றன. பாக்டீரியாவின் செல் சவ்வும் கொழுப்பால் ஆனதே. சவ்வு கரைந்தால் உள்ளிருப்பவை வெளியே கசிந்து செல் மடியும். இரைப்பையில் ஏற்கெனவே அடிபட்டு வந்த செல்களுக்கு இந்த இரண்டாவது அடி பெரும்பாலும் இறுதி அடியாகிவிடுகிறது.

சில லாக்டோபாசில்லஸ்களும் பைபிடோ பாக்டீரியாக்களும் பித்த உப்பை உடைக்கும் நொதியைப் பெற்றுள்ளன. குடலிலேயே வழிவழியாக வாழ்ந்த இனங்களுக்கு இத்தகைய ஆற்றல் மிகுதி. பாலிலேயே வாழ்ந்து பழகிய பல்கேரிக்கஸ் போன்றவற்றுக்கு இது குறைவு. ரெட்கர் கண்ட முடிவின் காரணம் இப்போது நமக்கு ஓரளவு விளங்குகிறது.

பிழைத்தவை எத்தனை?

எத்தனை பாக்டீரியாக்கள் கடந்தன என்று எண்ணுவது எளிதான செயல் அன்று. 1992-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், உடல்நலமுள்ள சிலருக்குப் பைபிடோ பாக்டீரியா கலந்த புளித்த பாலைக் கொடுத்து, மெல்லிய குழாய் ஒன்றின் மூலம் சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து எண்ணினர். உட்கொண்டவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கு உயிரோடு வந்து சேர்ந்திருந்தது. நான்கில் ஒன்று என்பது இத்தகைய பயணத்தில் மிகச் சிறந்த தேர்ச்சி என்றே கொள்ள வேண்டும்.

யோகர்ட் பாக்டீரியாக்களைப் பற்றியோ அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்தது. 2005-ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஸ்பெயின் நாட்டு ஆய்வு, நாள்தோறும் யோகர்ட் உண்டவர்களின் மலத்தில் அந்த பாக்டீரியாக்கள் இருந்ததற்கான சான்று மிகமிகக் குறைவு என்றது. பிரான்சு நாட்டு ஆய்வு, அவை உயிரோடு கடந்து வந்ததைக் கண்டோம் என்றது. எண்ணும் முறையும் கண்டறியும் முறையும் வேறுபட்டால் முடிவும் வேறுபடலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சில பிழைக்கின்றன, பெரும்பாலானவை மடிகின்றன என்று கொள்வதே பொருத்தம்.

இங்கே எண்ணிக்கையின் வலிமையையும் மறக்கலாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தயிரில் 10 கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராமில் 1,000 கோடி. பத்தாயிரத்தில் ஒன்றுதான் பிழைத்தது என்றாலும் 10 லட்சம் உயிர்கள் குடலை அடையும். ஆனால் அவை சென்று சேரும் பெருங்குடலில் ஒரு கிராம் பொருளில் 10,000 கோடி அளவுக்கு ஏற்கெனவே குடியிருக்கின்றன. தைப்பூசத் திருநாளில் பழனி மலையடிவாரத்தில் நிற்கும் கூட்டத்துக்குள் ஒரே ஒருவர் சென்று சேர்ந்தால் எவ்வளவு தெரியுமோ, அதைவிடவும் குறைவாகத்தான் இவை அங்கே தெரியும். புட்டிகளில் கோடிக்கணக்கில் அடைப்பதன் காரணம் இதுவே. நம் நாட்டில் விற்கும் 65 மில்லி லிட்டர் யாகுல்ட் புட்டி ஒன்றில் 650 கோடி இருப்பதாக அந்நிறுவனம் அறிவிக்கிறது.

கூடச் செல்லும் உணவே கவசம்

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதி பெற்று எளிய சோதனை ஒன்று செய்து பார்த்தேன். ஒரு சோதனைக் குழாயில் 10 மி.லி. வாலை வடிநீர், மற்றொன்றில் வீட்டிலிருந்து கொண்டு வந்த தயிர் 10 மி.லி. இரண்டிலும் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. விட்டுக் கலக்கினேன். பி.எச். தாள் நீரில் ஏறத்தாழ 2 என்று காட்டியது. தயிரிலோ அமிலம் விடுவதற்கு முன் காட்டிய நிறத்துக்கும் பின் காட்டிய நிறத்துக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பால் புரதங்களும், பாஸ்பேட்டுகளும், லாக்டேட்டும் அமிலத்தை உறிஞ்சி நிறுத்திவிட்டன. தாங்கல் கரைசல் என்று பாடத்தில் படித்தது இதுதான். தயிர் தன்னுள் வாழும் உயிர்களுக்குத் தானே கவசமாகிறது. இதே பாக்டீரியாவை வெறும் நீரில் கலந்து குடித்தால் இந்தக் கவசம் கிடைப்பதில்லை.

உணவு உண்ட உடனே இரைப்பையின் பி.எச். 4, 5 என்று உயர்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் மீண்டும் இறங்குகிறது. அந்த இடைவெளிதான் பாக்டீரியாக்களுக்குக் கிடைக்கும் நல்ல நேரம். கனடா நாட்டில் செயற்கைச் செரிமானக் கருவியைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உணவோடு சேர்த்தோ உணவுக்கு அரைமணி முன்னதாகவோ தந்த பாக்டீரியாக்கள் நன்கு பிழைத்தன. உணவு முடிந்து அரைமணி கழித்துத் தந்தவை அவ்வளவு பிழைக்கவில்லை. சிறிது கொழுப்புள்ள பாலோடு சென்றவை, நீரோடும் பழச்சாற்றோடும் சென்றவற்றைவிட நன்கு தாங்கின. சோற்றோடு பிசைந்து, உணவின் ஒரு பகுதியாகவே தயிரை உண்ணும் நம் வழக்கம், இந்த அறிவியலுக்கு முரணானதன்று என்று மகிழலாம். நம் முன்னோர் பி.எச். அறிந்து இதைச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வழக்கம் பொருந்தி வந்திருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

பாலாடைக்கட்டி இன்னும் வலிய கவசம். அதில் அமிலம் குறைவு, கொழுப்பு மிகுதி, கட்டியான அமைப்பு. கோடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பாலாடைக்கட்டி வாங்கிச் செல்வதைக் காண்கிறோம். ஆனால் உருக்கிப் பதப்படுத்திய வகையில் சூட்டினால் பாக்டீரியாக்கள் முன்பே மடிந்திருக்கும். நம் மோர்க்குழம்பின் கதையும் அதுவே. நுரை கட்டும்வரை சூடேற்றியபின் சுவை இருக்கும், உயிர் இராது. இலையில் விட்டுக்கொள்ளும் பச்சை மோரில் உயிர் உண்டு.

மடிந்தும் உதவுபவை

இதுவரை படித்தவர்கள், "பெரும்பாலானவை மடிகின்றன என்றால் வீட்டுத் தயிரால் பயனில்லையா?" என்று கேட்கக்கூடும். இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். குழந்தைப் பருவத்தில் மிகுந்திருக்கும் இந்நொதி பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. அத்தகையோர் பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுடெல்லியில் சோதிக்கப்பட்டவர்களுள் 27.4 விழுக்காட்டினரே லாக்டோஸ் ஒவ்வாதவர்களாயிருக்க, திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்ட தென்னிந்தியருள் அத்தகையோர் 66.6 விழுக்காடு. தெற்கே மூவரில் இருவர்!

இவர்களுள் பலரால் தயிரைத் தொல்லையின்றி உண்ண முடிகிறது. ஏன்? தயிராகும்போதே லாக்டோசில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. எஞ்சியதைச் செரிக்கும் நொதியைத் தயிர் பாக்டீரியாக்கள் தம் செல்லுக்குள் சுமந்து வருகின்றன. செல் சுவர் இருக்கும்வரை அமிலம் அந்நொதியை எளிதில் அழிப்பதில்லை. சிறுகுடலில் பித்தநீர் பட்டுச் செல்லின் உறை சிதையும்போது, நொதி தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. நமக்கு இல்லாத நொதியின் வேலையை அது முடித்துக் கொடுக்கிறது. தயிர் தன் லாக்டோசைத் தானே செரிக்கும் உணவு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் காட்டினர். 2010-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்பயனை ஏற்றுக்கொண்டது. கிராமுக்கு 10 கோடியேனும் உயிருள்ள யோகர்ட் பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆக, எந்த பாக்டீரியா வழியில் மடிகிறது என்று குறை கூறினோமோ, அதுவே மடியும் இடத்தில் நமக்குப் பயன்படுகிறது. குடல்வரை பிழைப்பது ஒன்றே பயனுக்கு அளவுகோல் அன்று. எந்தப் பயனை நாடுகிறோம் என்பதைப் பொறுத்தே பிழைக்க வேண்டுமா வேண்டாமா என்பது அமையும்.

நம் நாட்டு ஆய்வுகள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அறிவியலார் உள்ளிட்ட குழுவினர், தென்னிந்திய வீட்டுத் தயிரிலிருந்து லாக்டிக் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து அமிலத்திலும் பித்தத்திலும் சோதித்து, 2014-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டனர். வீட்டுத் தயிரிலும் புரோபயாட்டிக் பண்புகள் காட்டும் வகைகள் உள்ளன என்பது அதனால் தெரியவருகிறது. எனினும் அது கண்ணாடிக் குடுவையில் செய்த சோதனை. நோயாளியிடம் மெய்ப்பித்த பயன் அன்று.

மக்களிடையே நடத்திய பெரிய ஆய்வு கொல்கத்தாவில் நடந்தது. அங்குள்ள தேசியக் காலரா மற்றும் குடல்நோய் ஆராய்ச்சி நிலையத்தார், குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயது வரையிலான 3,758 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஷிரோட்டா வகை கலந்த பானத்தையும், மறு பிரிவுக்கு அந்த பாக்டீரியா இல்லாத பானத்தையும் 12 வாரம் கொடுத்து, மேலும் 12 வாரம் கவனித்தனர். யாகுல்ட் நிறுவன ஆராய்ச்சியாளரும் இதில் பங்குகொண்டனர். 2011-இல் வெளியான முடிவின்படி, முதற் பிரிவில் 608 குழந்தைகளுக்கும் மற்றதில் 674 குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. காப்பு 14 விழுக்காடு. உண்மையான பயன்தான், ஆனால் சிறிய பயன். தூய குடிநீரும் கழிப்பிடமும் செய்ய வேண்டிய வேலையைப் புட்டி செய்துவிடாது.

அதே 2011-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து புரோபயாட்டிக் உணவுகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. வகையைச் சரியாக அடையாளம் காணல், அமிலமும் பித்தமும் தாங்கும் சோதனை, பாதுகாப்பு, மனிதரிடம் பயன் ஆகியவை அதில் வலியுறுத்தப்பட்டுள்ளன.

சென்றவை குடியேறுமா?

குடலை அடைந்த விருந்தாளிகள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. உட்கொள்வதை நிறுத்தினால் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரே புரோபயாட்டிக் சிலருடைய குடலில் தங்கியது, வேறு சிலருடைய குடல் அதை ஏற்கவே இல்லை என்று கண்டனர். ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப் பின் புரோபயாட்டிக் உட்கொண்டவர்களின் இயல்பான குடல் நுண்ணுயிர்க் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாயிற்று என்றும் தெரிவித்தனர். மறுபுறம், பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, ஆன்டிபயாட்டிக் உண்ணும் குழந்தைகளுள் புரோபயாட்டிக் பெற்றவர்களுக்கு 8 விழுக்காடும், பெறாதவர்களுக்கு 19 விழுக்காடும் வயிற்றுப்போக்கு வந்ததைக் காட்டியது. மருந்தோடு தொடங்கினால் வயிற்றுப்போக்கு வராமல் தடுக்க உதவலாம். ஆயினும் அது குடலைப் பழையபடி ஆக்கிவிடும் என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவிடுவது மற்றொரு வழி. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள பிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடரை நம் நொதிகளால் செரிக்க முடிவதில்லை. அது முழுதாகப் பெருங்குடலை அடைந்து பைபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் ஊர்த் தோட்டங்களிலும் விளைகிறது. தயிர்ச் சோற்றுக்குப் பூண்டு ஊறுகாய் தொட்டுக்கொள்ளும்போது இனி இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

தம்பிக்கு உண்மையில் உயிர்நாடியாக இருந்தது புட்டியும் அன்று, தயிரும் அன்று. சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமே. வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதற்கடமை. துத்தநாக மாத்திரையும் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. இவற்றின் இடத்தைப் புரோபயாட்டிக் எடுத்துக்கொள்ளலாகாது.

அம்மாவுக்கு நான் சொன்ன விடையை நண்பர்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். "அம்மா, புட்டியில் இருப்பது அமிலமும் பித்தமும் தாங்கும் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த வகை. அதற்கென்று ஒரு வேலை உண்டு. மருத்துவர் சொன்னால் வாங்குவோம். ஆனால் அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். மதிய வெயிலில் பேருந்தில் நெடுநேரம் கொண்டு வந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். நம் வீட்டுத் தயிரில் உள்ளவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும். மடிந்தும் பால் சர்க்கரையைச் செரித்துக் கொடுக்கும். மிகவும் புளிக்க விடாமல், சூடேற்றாமல், சோற்றோடு பிசைந்து கொடுங்கள். அது உணவு, மருந்து என்று எண்ண வேண்டாம்."

அம்மா சற்று யோசித்தார். "அப்ப அந்தக் காசுக்குக் கால் லிட்டர் பால் கூட வாங்கி உறை ஊத்திடலாம்" என்றார். தம்பி தேறியபின் எங்கள் வீட்டில் அப்படியே செய்தோம்.

விலங்கியல் மாணவராகிய நாம் செரிமான மண்டலத்தைத் தேர்வுக்காக வரைகிறோம். அதன் ஒவ்வொரு பாகத்தையும் குறிக்கும்போது, நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் கோடிக்கணக்கான உயிர்கள் அந்தப் பாதையில் செல்கின்றன என்பதை நினைத்துக்கொள்வோமானால், படமும் நினைவில் நிற்கும். வீட்டில் கேட்கும் கேள்விகளுக்கு விடையும் கிடைக்கும்.